பழைய கார் ஏசி: கத்திரி வெயிலுக்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பட்டறையில் பேச்சு மாறிவிடும். அதுவரை பிரேக், சஸ்பென்ஷன் என்று வந்தவர்கள், "அண்ணே, காத்து வருது, ஆனா ஜில்லுனு இல்ல" என்று வர ஆரம்பிப்பார்கள். வேலூரைச் சுற்றி நிற்பதெல்லாம் பாறை மலை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணி வரை அனலை விட்டுக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரில் ஏறினால் சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு கையைச் சுடும். அப்படிப்பட்ட ஊரில் மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ் என்று பதினைந்து இருபது வருடம் ஓடிய வண்டிகளை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பவை இவை. வாயால் சொல்லிச் சொல்லி வந்ததை எழுதி வைக்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போட்டுத்தான் ஆகணுமா?

இல்லை. முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்பும். முன்னால் இருக்கும் கண்டன்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் பீய்ச்சி, அங்கே ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மறுபடியும் கம்ப்ரஸருக்கே வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் துளித் துளியாகக் கசிவது உண்டு. பழைய வண்டியில் நாலைந்து வருடத்தில் கொஞ்சம் குறைந்தால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் போன சித்திரையில் போட்டது இந்தச் சித்திரையில் இல்லை என்றால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

குடியாத்தத்திலிருந்து ஒரு சான்ட்ரோ வந்தது. இரண்டு கோடையில் மூன்று முறை கேஸ் போட்டாயிற்று. பானெட்டுக்குள் இருக்கும் எல்லா ஜாயின்ட்டிலும் பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி கூட எழவில்லை. கடைசியில் கூலிங் காயிலின் தண்ணீர் வெளியே சொட்டும் குழாய் இருக்கிறதே, அதன் வாயில் லீக் டிடெக்டரின் மூக்கை வைத்தேன். உடனே கத்தியது. டேஷ்போர்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்தால், கீழ் மூலையில் வேப்பஞ்சருகும் தூசியும் ஈரத்தில் ஊறி அப்பிக் கிடந்தன. அதை விரலால் தள்ளினால் அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்திருந்தது, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. மூன்று தடவையும் அவர் கேஸுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார். ஓட்டையை யாரும் தேடவே இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் அவர் ஒவ்வொரு முறையும் வண்டி சரியாகிவிட்டது என்று நம்பித்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டு வாசலிலேயே நான் என்ன பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, ப்ளோயரையும் முழு வேகத்தில் வையுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

முதலில் கம்ப்ரஸரின் முகத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் இருக்கும் கிளட்ச் தட்டு, ஏசி போட்டால் மட்டும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். ஒட்டி, இரண்டு நொடியில் விட்டு, மறுபடி ஒட்டி, மறுபடி விட்டால் பெரும்பாலும் கேஸ் குறைவு. அழுத்தம் சட்டென்று இறங்குவதால் பிரஷர் ஸ்விட்ச் கரண்டை வெட்டுகிறது.

அடுத்து, டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்கள். தடித்தது சக்‌ஷன் பைப், மெலிந்தது திரவம் வரும் பைப். நன்றாக ஓடும் ஏசியில் தடித்த பைப்பைத் தொட்டால் பானைத் தண்ணீர்ச் சொம்பைத் தொட்ட மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். மழைக்காலத்தில் வியர்த்துச் சொட்டும். நம் சித்திரை மாதக் காற்று வறண்டது, அதனால் அப்போது வியர்வை குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். மெலிந்த பைப் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் பைப்பை மட்டும் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

தடித்த பைப் நல்ல குளிர்ச்சி, ஆனால் காருக்குள் குளிர் இல்லை என்றால் கேஸ் மேல் பழி போடாதீர்கள். குறை உள்ளே இருக்கிறது. ப்ளோயர் மெதுவாகச் சுற்றலாம், கூலிங் காயில் தூசியில் அடைத்திருக்கலாம், ஹீட்டர் வால்வு முழுதாக மூடாமல் இன்ஜின் சுடுதண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். கேபிளில் இயங்கும் ஹீட்டர் வால்வு உள்ள வண்டிகளில் இந்தக் கடைசிக் குறையை நிறையப் பார்க்கிறேன். கேபிள் கிளிப் கழன்றிருக்கும். ஒரு கிளிப் மாட்டியதோடு வேலை முடிந்த நாட்கள் உண்டு.

ஜாயின்ட்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள். கேஸோடு ஆயிலும் சேர்ந்துதான் சுற்றுகிறது. அதனால் கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். மற்ற பைப் எல்லாம் காய்ந்த தூசியோடு இருக்க, ஒரு இடம் மட்டும் ஈரக் கறுப்பாக இருந்தால் அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்.

சரி, எவ்வளவு குளிர்ந்தால் 'நல்ல கூலிங்' என்று சொல்வது?

நடு டேஷ்போர்டுக் காற்றுத் துளையில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, உள்காற்றுச் சுற்று வைத்து, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது துளையில் 10 முதல் 14 டிகிரிக்குள் வந்தால் பழைய வண்டிக்கு நன்றாகவே வேலை செய்கிறது என்று சொல்வேன். டிசம்பரில் பார்த்த 6 டிகிரியை மே மாதம் மதியம் எதிர்பார்க்கக் கூடாது.

ஹைவேயில் ஜில்லென்று இருக்கிறது. சிஎம்சி வாசல் நெரிசலில் நின்றால் சூடான காற்று. ஏன்?

வண்டி ஓடும்போது எதிர்காற்று கண்டன்சரைக் குளிர வைக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். அது செய்யவில்லை என்று அர்த்தம்.

இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. நின்ற இடத்தில் ஏசி சூடாக வரும் நேரத்தில், முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து துளையில் கை வைத்திருக்கட்டும். அரை நிமிடத்தில் காற்று குளிர்ந்தால் கேஸும் கம்ப்ரஸரும் சரி, கண்டன்சருக்குக் காற்று போதவில்லை.

அப்புறம் ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். பல பழைய வண்டிகளில் ஃபேன் சுற்றும், ஆனால் மோட்டாரில் கார்பன் தேய்ந்து பாதி வேகத்தில்தான் சுற்றும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றுவது இதுதான். முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் கிரில்லோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சும்மா ஆடினால் மோட்டாரை மாற்றுங்கள்.

ஃபேன் நன்றாக இருந்தும் குறை தீரவில்லை என்றால், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பாலாற்று மணல் தூசி, பூச்சி, சருகு எல்லாம் அங்கே மெத்தை மாதிரி படிந்திருக்கும். சாதாரண ஹோஸ் தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றும் போய்விடும்.

கிளட்ச் ஒட்டவே இல்லை. கேஸ் காலியா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். ஃபியூஸ், பிறகு ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே மாதிரிதான், மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அதிலும் ஒட்டவில்லை என்றால் கம்ப்ரஸருக்கு வரும் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

கரண்ட் வந்தும் ஒட்டவில்லை என்றால், தட்டை இழுக்கும் கிளட்ச்சின் மின்காந்தக் காயில் எரிந்திருக்கும், அல்லது தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடியிருக்கும். இந்த இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய இடைவெளி கூடும். காலையில் ஒட்டும், இன்ஜின் சூடேறி மதியம் ஆனால் ஒட்டாது என்றால் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் சூடான காயிலுக்கு இழுக்கும் பலம் குறைவு. தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்தால் பல கம்ப்ரஸர்கள் இன்னும் சில வருடம் ஓடும். இதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கரண்டே வரவில்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், எலி கடித்த ஒயர் என்று தேட வேண்டும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பிரஷர் ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் நேராக இணைத்து வண்டியை ஓட்டாதீர்கள். கம்ப்ரஸருக்கு ஆயிலைக் கொண்டுவருவதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஆயிலும் வராது, கம்ப்ரஸர் உள்ளே உராய்ந்து இறுகிவிடும். அந்த ஸ்விட்ச் இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

கேஸ் டின்னும் ஹோஸும் ஆன்லைனில் கிடைக்கிறது. நானே போடலாமா?

முடியும். ஆனால் எப்போது கூடாது என்று முதலில் சொல்கிறேன். சிஸ்டம் முழுக்கக் காலி என்றால் கூடாது, ஏனென்றால் உள்ளே காற்றும் ஈரமும் போயிருக்கும், மெஷினால் அதை உறிஞ்சி எடுக்காமல் (வேக்யூம் இல்லாமல்) போட்டால் வீண். முன்பு என்ன கேஸ் போட்டார்கள் என்று தெரியாவிட்டால் கூடாது. ஒரு பைப்பைக் கழற்றி மாட்டிய பிறகும் கூடாது.

கேஸ் இருக்கிறது, கொஞ்சம் குறைவு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டாப் அப் பற்றி யோசிக்கலாம். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் கேஸ் ஆர்-134ஏ. அதன் திரவம் கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். தோலில் பட்டால் அந்த இடம் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. திறந்த இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. நெருப்பில் பட்ட கேஸ் நச்சுப் புகையாக மாறும்.

ஹோஸை மாட்டுவது எப்போதும் தடித்த பைப்பில் இருக்கும் லோ சைடு வால்வில் மட்டும். 134ஏ வண்டிகளில் இரண்டு வால்வும் வெவ்வேறு அளவு, லோ சைடு சின்னது, மாற்றி மாட்ட முடியாதபடி செய்திருக்கிறார்கள். பழைய திருகு வால்வு உள்ள வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்ஜின் ஓடும்போது ஹை சைடில், அதாவது கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் பக்கத்தில், டின்னை மாட்டினால் 200, 300 பிஎஸ்ஐ அழுத்தம் டின்னுக்குள் பாய்ந்து டின் வெடிக்கும். டின்னை நிமிர்த்தியே பிடியுங்கள். கவிழ்த்தால் திரவமாகப் போய்க் கம்ப்ரஸரை உடைக்கும். கேஸ் சீக்கிரம் இறங்கட்டும் என்று டின்னைக் கொதிக்கும் தண்ணீரில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் வெடிகுண்டு மாதிரிதான். ஹோஸில் இருக்கும் காற்றை முதலில் ஒரு நொடி கேஸ் விட்டு வெளியேற்றிவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

ஆனாலும் என் கருத்து, இதற்கு ஒரு நல்ல பட்டறைக்குப் போங்கள். காரணம் எடை. சின்னக் கார்களுக்கு 400 முதல் 600 கிராம் வரைதான் மொத்தமே. சரியான அளவு பானெட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இவ்வளவு சின்ன அளவில் 100 கிராம் கூடினாலும் கூலிங் குறையும், ஹை பிரஷர் ஏறும். உள்ளே ஏற்கெனவே எத்தனை கிராம் இருக்கிறது என்பதை டின்னோடு வரும் சின்ன மீட்டர் சொல்லாது.

ஏன் சொல்லாது? அழுத்தம் பார்த்தால் கேஸ் எவ்வளவு என்று தெரியாதா?

வண்டி நிற்கும்போது தெரியாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். ஆர்-134ஏ 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133 என்று காட்டும். உள்ளே 150 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் இதே எண்தான். சமையல் சிலிண்டரும் இப்படித்தானே? காலியாகும் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. இந்த எண்களைவிட ரொம்பக் கீழே இருந்தால் திரவமே இல்லை, கேஸ் காலி என்று மட்டும் புரிந்துகொள்ளலாம்.

ஓடும்போது இரண்டு பக்க மீட்டரையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும். 35, 40 டிகிரி வெயிலில் லோ சைடு தோராயமாக 35 முதல் 50, ஹை சைடு 220 முதல் 300 பிஎஸ்ஐ வரை இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வேன். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடுதல், அல்லது கண்டன்சருக்குக் காற்று இல்லை, அல்லது உள்ளே சாதாரணக் காற்று கலந்திருக்கிறது. லோ அதிகம், ஹை குறைவு என்றால் கம்ப்ரஸர் வால்வு தேய்ந்து அழுத்தம் ஏற்ற முடியவில்லை. லோ சைடு முள் வேக்யூமுக்கே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு.

வேக்யூம் எதற்கு? அரை மணி நேரம் மெஷினை மாட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே.

அந்த அரை மணி நேரத்துக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். காற்றை உறிஞ்சி அழுத்தத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். பம்பை நிறுத்திய பிறகு பதினைந்து, இருபது நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முள் ஏறினால் ஓட்டை, கேஸ் போடவே கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், அவசரமாகத் திருப்பதி போக வேண்டும் என்று நின்ற குடும்பத்துக்கு ஐந்து நிமிட வேக்யூமோடு கேஸ் போட்டு அனுப்பினேன். சித்தூர் தாண்டுவதற்குள் போன் வந்தது. கூலிங் வரும், போகும், வரும், போகும். வால்வில் ஈரம் உறைவதும் உருகுவதுமாக இருந்திருக்கிறது. கைக்குழந்தையோடு அந்த வெயிலில் போனார்கள். அதற்குப் பிறகு யார் அவசரப்படுத்தினாலும் அரை மணிக்குக் குறைத்ததில்லை.

சென்னை போகும்போது வாலாஜா வரை ஜில். காஞ்சிபுரம் வருவதற்குள் காற்றே வருவதில்லை.

காற்று குறைகிறதா, குளிர் குறைகிறதா என்று கவனியுங்கள். ப்ளோயர் சத்தம் அப்படியே இருக்க, காற்று மட்டும் மெலிந்துகொண்டே போனால் கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டிவிட்டது. ஏசி பட்டனை மட்டும் நிறுத்தி ப்ளோயரை ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் காற்று திரும்பி, கார் அடியில் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே இல்லை. காயில் உறையும் முன் கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும், அல்லது அதன் நுனிக் குழாய் காயிலிலிருந்து நழுவியிருக்கும். தூசி அடைத்த காயிலும், கேஸ் கொஞ்சம் குறைந்திருப்பதும் கூட ஐஸ் கட்ட வைக்கும்.

என்னிடம் இருப்பது பழைய அம்பாசிடர். ஆர்-12 போடும் வண்டி என்கிறார்கள்.

ஆர்-12 பழைய வகை ஏசி கேஸ், ஓசோன் படலத்தை அரிப்பது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் 2010-க்குள் அதன் உற்பத்தி முடிந்துவிட்டது. இன்று யாராவது ஆர்-12 என்று ஒரு சிலிண்டரைக் காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று நம்ப முடியாது.

134ஏ-க்கு மாற்றலாம், ஆனால் பழையதை வெளியேற்றிவிட்டுப் புதியதை அடைத்தால் மட்டும் போதாது. ஆர்-12 வண்டியில் இருப்பது மினரல் ஆயில். அது 134ஏ-வோடு கலக்காது, கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. பழைய ஆயிலை முடிந்தவரை வடித்து எஸ்டர் ஆயில் போட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பாட்டிலைக் கட்டாயம் மாற்ற வேண்டும், ஜாயின்ட்டுகளில் இருக்கும் ஓ ரிங் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். அளவு பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும். 134ஏ-க்கு ஹை பிரஷர் கூடுதல் என்பதால் பழைய கண்டன்சர் திணறும். நம் ஊர் வெயிலுக்குப் புது வகைப் பேரலல் ஃப்ளோ கண்டன்சரும் ஒரு நல்ல ஃபேனும் போட்டால்தான் திருப்தியாக இருக்கும். கடைசியில் என்ன கேஸ், எத்தனை கிராம், என்ன ஆயில் என்று எழுதி பானெட் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த வண்டியில் கை வைப்பவருக்கு அது பெரிய உதவி.

எல்பிஜி கலந்த கேஸ் போட்டால் கூலிங் பிரமாதம் என்கிறார்களே? லீக் ஸ்டாப் டின்?

எல்பிஜி வேண்டவே வேண்டாம். கூலிங் வரும் என்பது உண்மை. ஆனால் காருக்காகச் செய்த இந்த சிஸ்டம் எரியும் கேஸுக்காகச் செய்யப்படவில்லை. முன்னால் சொன்ன குடியாத்தம் சான்ட்ரோவில் ஓட்டை விழுந்தது டேஷ்போர்டுக்குள், மக்கள் உட்காரும் இடத்தில். அங்கே எரியும் கேஸ் கசிந்து ஒரு சுவிட்ச் பொறி பட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

லீக் ஸ்டாப்பும் நான் போடுவதில்லை. ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், சர்வீஸ் மெஷினையும் கெடுக்கும்.

மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிது போடுகிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல 1,300 மடங்குக்குக் குறையாத வீரியம் அதற்கு. அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் 650 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். உறிஞ்சிச் சேமிக்கும் மெஷின் உள்ள பட்டறையைத் தேடிப் போங்கள்.

இடதுபக்கக் கால்மிதியில் தண்ணீர்.

கூலிங் காயிலின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. காரின் அடியில் அதன் வாயைக் கண்டுபிடித்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், காயில் ஓட்டையாகும். தண்ணீர் இனிப்பு வாடையோடு பிசுபிசுப்பாக இருந்தால் அது ஏசித் தண்ணீர் அல்ல, ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை.

ஈரக் காயிலில் பூஞ்சை. ஃபில்டர் இருந்தால் மாற்றுங்கள், காயிலைக் கழுவச் சொல்லுங்கள். வீடு சேர இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்தி ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும்.

ஏலகிரி ஏறும்போது ஏசியை நிறுத்தணுமா?

800 சிசி இன்ஜினுக்கு நாலு பேரோடு 14 கொண்டை ஊசி வளைவு ஏறுவதே பெரிய வேலை. அதில் கம்ப்ரஸரையும் சுமக்க வைக்க வேண்டாம். பெரிய இன்ஜின் என்றால் சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு ஏறலாம், முள் நகர ஆரம்பித்தால் ஏசியை நிறுத்துங்கள். சமவெளியிலேயே ஏசி போட்டால் இன்ஜின் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டரையும் இன்ஜின் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஸர் இறுகிவிட்டது. வேறு ஒன்று மாட்டினால் போதுமா?

போதாது. பழையது உடையும்போது உதிர்ந்த உலோகத்தூள் பைப் முழுக்கப் போயிருக்கும். கழற்றிய பைப்பின் வாயில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு வந்தால் எல்லாவற்றையும் ஃப்ளஷ் செய்து, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றி, சந்து சந்தாக ஓடும் பேரலல் ஃப்ளோ கண்டன்சர் என்றால் அதையும் மாற்றித்தான் புதியதை மாட்ட வேண்டும். இல்லையென்றால் அதே தூள் புதியதையும் தின்றுவிடும்.

இருபது வருட வண்டிக்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

இன்ஜினும் பாடியும் நன்றாக இருந்து, எஃப்சி புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் செய்யலாம் என்பேன். மருத்துவமனைக்கு வயதானவர்களை அழைத்துப் போகும் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். தரைத் தகடு துருப்பிடித்து இற்றுப்போன வண்டி என்றால், காசை வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

எந்த மாதம் கொண்டுவருவது நல்லது?

தை, மாசி. அப்போது பட்டறையில் கூட்டம் இருக்காது, ஓட்டையை நிதானமாகத் தேடலாம். அதற்கு முன் மார்கழிக் குளிரிலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஏசி போடுங்கள், கம்ப்ரஸர் சீலுக்கு ஆயில் போய்க்கொண்டிருந்தால் அது காய்ந்து கசியாது. வரும்போது போன தடவை கேஸ் போட்ட பில்லையும் எடுத்துவாருங்கள். அதில் 450 கிராம் என்று எழுதியிருந்து, இப்போது மெஷினில் உறிஞ்சும்போது 300 கிராம் வந்தால், இத்தனை மாதத்தில் 150 கிராம் போயிருக்கிறது என்று தெரியும். எவ்வளவு பெரிய ஓட்டையைத் தேட வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே பாதி தெரிந்துவிடும். பில்லில் கிராம் எழுதாமல் 'கேஸ் ஃபில்லிங்' என்று மட்டும் இருந்தால், இந்த முறை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.